தசையில் பிறந்த பேட்டரி

பி.காம். படிக்கிறவனுக்கு தசை, ஆம்ப்ளிஃபையர், வோல்ட் எல்லாம் எதற்கு என்று வகுப்பு நண்பர்கள் கேட்பார்கள், தெரியும். டெபிட்டும் கிரெடிட்டும் எங்கே ஓடிவிடப் போகின்றன, இருக்கட்டும். இந்தக் கட்டுரைக்குக் காரணம் பொறியியல் படிக்கும் ஒரு நண்பன். தன் கடைசி ஆண்டு புராஜெக்டாக அவன் கை தசையின் மின்சாரத்தை அளக்கும் ஒரு சின்ன சர்க்யூட் செய்துகொண்டிருக்கிறான். அதை ஓட வைப்பது கடையில் கிடைக்கும் இரண்டு 9 வோல்ட் சதுர பேட்டரிகள். "சுவற்றில்தான் ப்ளக் இருக்கிறதே, எதற்கடா பேட்டரி?" என்று கேட்டேன். அவன் சொன்ன பதில் எனக்குப் போதவில்லை. தேடிப் படிக்க ஆரம்பித்தால் கதை இருநூற்றைம்பது வருடம் பின்னால் போய், கடைசியில் சென்னை ஜார்ஜ் கோட்டையில் நின்றது!

முதலில் விஷயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நாம் விரலை மடக்கும்போது மூளையிலிருந்து நரம்பு வழியாக வரும் செய்தி தசை இழைகளில் ஒரு மின் அலையாக ஓடுகிறது. அதைத் தோலின் மேல் ஒட்டும் பட்டையாலோ, தசைக்குள் குத்தும் மெல்லிய ஊசியாலோ பிடித்துப் பெரிதாக்கிக் காட்டுவதுதான் இ.எம்.ஜி. என்ற பரிசோதனை. கை மரத்துப் போகிறது, கால் இழுக்கிறது, பிடி தளர்கிறது என்று நரம்பியல் டாக்டரிடம் போகிறவர்களுக்கு எழுதித் தருவார்களே, அதுதான். கோளாறு நரம்பிலா தசையிலா என்று பிரித்துச் சொல்ல இது உதவும். அளவைப் பாருங்கள்: தோலின் மேல் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மில்லிவோல்ட்டுக்கு முன்பின். நம் வீட்டு ப்ளக்கில் இருப்பது 230 வோல்ட். அதாவது இரண்டு லட்சத்து முப்பதாயிரம் மடங்கு. கோயில் திருவிழா லவுட் ஸ்பீக்கருக்குக் கீழே நின்றுகொண்டு எறும்பு நடக்கும் சத்தத்தைக் கேட்கிற வேலை இது.

சரி, ஜார்ஜ் கோட்டைக்கு வருவோம்.

ஜான் வால்ஷ் என்று ஒரு ஆங்கிலேயர். 1726-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் சேர்ந்து, சென்னையில் படைகளுக்குச் சம்பளம் பட்டுவாடா செய்யும் பொறுப்பு வரை உயர்ந்தார். (ஆக அவரும் நம்ம அக்கவுண்ட்ஸ் ஜாதிதான்!) 1757-ல் ராபர்ட் கிளைவின் அந்தரங்கச் செயலாளர். கிளைவை எங்கள் பகுதிக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திருவதிகையில் எங்கள் ஊரை ஒட்டி ஓடும் கெடிலம் கடலில் சேரும் பக்கத்தில், கடலூர் தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இருக்கிறது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது கிளைவ் தப்பி வந்து சேர்ந்த இடம் அது. 1756-ல் அந்தக் கோட்டைக்கு அவரே துணை ஆளுநராகவும் இருந்தார். அந்தக் காலத்து ஆங்கிலேயப் புத்தகங்களில் எங்கள் ஊரும் 'திருவதி' என்று வரும். வீரட்டானேஸ்வரர் கோயிலையே கோட்டையாக வைத்துக்கொண்டு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறி அடித்துக்கொண்ட காலம் அது.

பிளாசிப் போருக்குப் பின் கிளைவின் ஆட்கள் எல்லோருக்கும் பெரும் பணம் கிடைத்தது. வால்ஷும் பணக்காரராகி இங்கிலாந்து திரும்பி நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். அந்த மாதிரி திரும்பிப் போன மற்றவர்கள் மாளிகை கட்டினார்கள், சீட்டாடினார்கள். வால்ஷ் மீன் பிடிக்கப் போனார்.

1772 கோடையில் பிரான்ஸின் மேற்குக் கரையில் லா ரோஷெல் என்ற ஊருக்குப் போனார். அங்கே கடலில் கிடைக்கும் ஒரு வகைத் திருக்கை மீனைத் தொட்டால் உதறி அடிக்கும், கை மரத்துப் போகும். நம் வங்கக் கடலிலும் இந்த மின் திருக்கை இனங்கள் உண்டு. அந்த அடி என்ன வகை என்பதுதான் கேள்வி. வேகமாகத் தசை இறுகுவதால் வரும் அதிர்ச்சி என்று ஒரு கட்சி, மின்சாரம் என்று இன்னொரு கட்சி. பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் யோசனைகளையும் கேட்டுக்கொண்டு வால்ஷ் சோதனை செய்தார். பலரைத் தொடராக நிறுத்தி, ஒரு முனையை மீனின் முதுகோடும் மறு முனையை வயிற்றோடும் இணைத்தார். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அடித்தது. நடுவில் கண்ணாடியோ மெழுகோ வைத்தால் அடிக்கவில்லை, உலோகம் வைத்தால் அடித்தது. மின்சாரமேதான். அடுத்த வருடம் ஃபிராங்க்ளினுக்கு எழுதிய கடிதமாக ராயல் சொசைட்டியின் இதழில் அது வெளிவந்தது, 1773-க்கான கோப்ளி பதக்கமும் கிடைத்தது. மீனின் உடலை அறுத்துப் பார்த்தவர் ஜான் ஹண்டர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர். தலைக்கு இரு பக்கமும் நூற்றுக்கணக்கான தூண்கள், ஒவ்வொரு தூணிலும் நாணயம் அடுக்கியது போல மெல்லிய தட்டுகள்.

இந்தத் தட்டுகள் எல்லாம் தசைகள்தான் என்பது பின்னால் தெரிய வந்தது. சுருங்கும் வேலையை விட்டுவிட்டு மின்சாரம் மட்டும் செய்யக் கற்றுக்கொண்ட தசைகள். ஒவ்வொன்றும் தருவது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதைத் தொடராக அடுக்கினால் ஆளை உதற வைக்கும்.

இங்கேதான் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1791-ல் இத்தாலியில் கால்வானி தவளைக் கால் துடிப்பதைப் பற்றி எழுதி 'உயிரின மின்சாரம்' என்றார். அதெல்லாம் இல்லை, இரண்டு வேறு உலோகங்கள் சேர்ந்ததால் வந்தது என்றார் வோல்டா. இந்தச் சண்டை எல்லாப் பள்ளிப் பாடத்திலும் இருக்கிறது. பாடத்தில் இல்லாதது: 1800 மார்ச்சில் வோல்டா தன் கண்டுபிடிப்பை லண்டனுக்கு எழுதி அனுப்பியபோது, அதற்கு மாதிரியாக அவர் சுட்டிக் காட்டியது இந்த மின்மீனின் உறுப்பைத்தான். வெள்ளியும் துத்தநாகமும், நடுவில் உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டை, அப்படியே அடுக்கு. தன் கருவியை அவர் 'செயற்கை மின்னுறுப்பு' என்றே அழைத்தார். உலகத்தின் முதல் பேட்டரி அது. தசையைப் பார்த்து அடுக்கப்பட்டது பேட்டரி என்று சொன்னால் மிகையில்லை. இந்தக் கடனை அறிவியல் உலகம் வெகு தாமதமாகத் திருப்பிக் கொடுத்தது. 2019-ல் புதிய இனமாகப் பிரித்துக் காட்டப்பட்ட, 860 வோல்ட் வரை அடிக்கும் தென் அமெரிக்க மின்விலாங்கு ஒன்றுக்கு வோல்டாவின் பெயரை வைத்தார்கள். வால்ஷின் பெயரை வைக்க யாருக்கும் தோன்றவில்லை. வங்காளத்துப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி என்பதால் எனக்கும் பெரிய வருத்தமில்லை :-)

பேட்டரி வந்துவிட்டது. ஆனால் தசையை அளக்க அது உடனே உதவவில்லை. பெருக்கிக் காட்டும் கருவி இல்லாத காலத்தில், தசையின் சொந்த மின்சாரமே முள்ளை நகர்த்த வேண்டும். பெர்லினில் டு புவா-ரேமோன் என்ற விஞ்ஞானி கம்பியை இருபத்து நாலாயிரம் சுற்றுக்கும் மேல் சுற்றி ஒரு கால்வனோமீட்டர் செய்தார். மனிதன் கையை இறுக்கும்போது முள் நகர்வதை 1849-ல் காட்டினார். தோல் மின்சாரத்தைத் தடுக்கிறது என்று, கையில் கொப்புளம் எழும்பும் பிளாஸ்திரி போட்டு மேல்தோலை நீக்கிவிட்டு அளந்தார். படிக்கும்போதே எரிகிறது. ஏறத்தாழ எண்பது வயதான ஹம்போல்ட்டும் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு தானே இந்தச் சோதனையைச் செய்து பார்த்தார். வோல்டா கடிதம் எழுதிய அதே 1800 மார்ச்சில் வெனிசுலாவில் மின்விலாங்கிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தவர் இந்த ஹம்போல்ட்.

அப்புறம் ஐந்தோவனின் இழைக் கால்வனோமீட்டர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். கிட்டத்தட்ட 270 கிலோ எடை, இயக்க ஐந்து பேர். ஹான்ஸ் பைப்பர் என்ற ஜெர்மானியர் அந்த வகைக் கருவியால் மனிதத் தசையின் அலைகளைப் பதிவு செய்து, இறுகிய தசையில் நொடிக்கு சுமார் 50 துடிப்பு இருக்கிறது என்று எழுதினார். இந்த 50 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வில்லன் அதே எண்ணில் வருகிறான்.

உண்மையான ஆம்ப்ளிஃபையர் வந்தது வால்வு என்கிற வெற்றிடக் குழாயோடு. 1920-ல் அமெரிக்காவில் ஃபோர்ப்ஸ், கேத்தரின் தாச்சர் இருவரும் நரம்பு, தசை சோதனைக்கு முதன்முதலாக வால்வு ஆம்ப்ளிஃபையரை வைத்து எழுதினார்கள். இங்கேதான் மின்சாரம் எங்கிருந்து கொடுப்பது என்ற கேள்வி பிறக்கிறது. வால்வுக்கு இரண்டு தீனி வேண்டும். உள்ளே இருக்கும் இழையைச் சூடாக்க ஒரு பேட்டரி, பொதுவாக ஈய-அமில வகை. தட்டுக்கு உயர் வோல்ட் கொடுக்க உலர் செல்களை அடுக்கிய இன்னொரு பேட்டரி. கரண்ட் வராத கிராமங்களில் ஓடிய பழைய பேட்டரி ரேடியோக்களும் இதே ஏற்பாடுதான். ஆனால் நகரத்து ஆய்வுக்கூடங்களில் சுவரில் கரண்ட் இருந்தும் பேட்டரியை விடவில்லை. ஏன்?

காரணம் அந்த வில்லன். சுவர் மின்சாரம் நேராக ஓடுவதில்லை, நம் நாட்டில் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக ஆடுகிறது. தசையின் அலைகள் நொடிக்கு சுமார் 20-லிருந்து 500 துடிப்பு வரை பரவி இருக்கின்றன. ஆக 50 என்பது சரியாக அதற்குள்ளேயே விழுகிறது. இரைச்சலை வடிகட்டி எடுக்கலாமே என்றால், தசையின் 50-ம் சேர்ந்து போய்விடும். அரிசியில் கல் பொறுக்கலாம், அரிசி நிறத்திலேயே அரிசி அளவிலேயே கல் இருந்தால் எப்படிப் பொறுக்குவது? பேட்டரி கொடுப்பது அலையே இல்லாத நேர் மின்சாரம். அதனால்தான் கனத்தையும் அமிலத்தையும் பொறுத்துக்கொண்டு அதையே வைத்திருந்தார்கள்.

1929-ல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் பிராங்கும் ஒரு ஊசிக்குள் காப்பிட்ட கம்பியை ஓடவிட்டு, தசைக்குள் ஒரு சில இழைகளை மட்டும் கேட்கும்படி செய்தார்கள். 'கேட்கும்படி' என்று சும்மா எழுதவில்லை. அலையை ஸ்பீக்கரில் கொடுத்துக் காதாலேயே கேட்டார்கள். இன்றும் இ.எம்.ஜி. அறையில் டாக்டர் திரையைப் பார்ப்பதோடு சடசட சத்தத்தையும் கேட்டுத்தான் சொல்வார். 1934-ல் அதே கேம்பிரிட்ஜில் பிரையன் மேத்யூஸ் வித்தியாசப் பெருக்கியைக் கொண்டுவந்தார். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த கருவி இது. இரண்டு மின்முனைகளின் அளவையும் எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மீதியை மட்டும் பெருக்கும். சுவர் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் இருக்கும், கழித்தால் போய்விடும். தசை அலை இரண்டு இடத்திலும் வேறு வேறு, அது மிஞ்சும். பேங்க் ரீகன்சிலியேஷன் போட்டவர்களுக்கு உடனே புரியும்: இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் வரிகளை அடித்துவிட்டு, ஒத்துப்போகாததை மட்டும் பார்க்கிறோம் அல்லவா, அதேதான். இன்று நல்ல ஆம்ப்ளிஃபையர்கள் பொதுவான இரைச்சலை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகின்றன.

இரண்டாம் உலகப் போரில் நரம்பு அறுந்து வந்த சிப்பாய்கள் ஏராளம். 1944-ல் இங்கிலாந்தில் வெடல் குழுவினர் ஊசி இ.எம்.ஜி. பற்றி எழுதிய கட்டுரை இதை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தது. 1950-ல் டென்மார்க்கின் டிசா நிறுவனம் விற்பனைக்கே கருவி செய்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து வார்டுக்கு வந்ததும், தினம் பேட்டரி பார்த்து மாற்ற யாருக்கு நேரம்? டிரான்ஸ்ஃபார்மர் வைத்து சுவர் கரண்டில் ஓடும் கருவிகள் பெருகின. நம் பக்கத்தில் 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பியல்-நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த வருடமே சென்னையில் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவையைத் தொடங்கினார். சி.எம்.சி.யில் பின்னாளில் உயிர்ப்பொறியியல் துறையும் வந்தது. அங்கே பேராசிரியராக இருந்த சுரேஷ் தேவசகாயம் உயிர் மின் அலைகளைப் பற்றி 2000-ல் எழுதிய பாடநூல் இத்துறை மாணவர்களுக்குப் பழக்கமானது.

சுவர் கரண்டுக்கு மாறியதில் இரைச்சலைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உள்ளே நுழைந்தது. எந்த ப்ளக் கருவியிலும் கொஞ்சம் கரண்ட் கசியும். ஃபிரிட்ஜைத் தொட்டால் சில சமயம் சுள்ளென்று இருக்குமே, அது. உலர்ந்த தோல் நமக்குக் கவசம், அதனால் தப்பிக்கிறோம். ஆனால் நோயாளியின் தோலை ஊசி தாண்டிவிட்டது, அல்லது பசை போட்டு தோலின் தடையையே குறைத்துவிட்டோம். கவசம் இல்லை. இதயத்துக்கே நேரே போகும் கம்பி இருந்தால், ஒரு ஆம்பியரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இதயத்தின் தாளத்தைக் கலைத்துவிடலாம்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. 1957 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில் மின்வெட்டு. அங்கே இதய அறுவை நடந்த குழந்தைகளுக்கு அப்போது பேஸ்மேக்கர் சுவர் ப்ளக்கில் ஓடியது. வயர் எட்டும் தூரம்தான் குழந்தை போகலாம். அந்த மின்வெட்டில் ஒரு குழந்தை இறந்ததாக எர்ல் பேக்கன் என்ற கருவி மெக்கானிக் பின்னாளில் சொன்னார். டாக்டர் லில்லெஹை கேட்டுக்கொள்ள, அவர் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் வந்த மெட்ரோனோம் சர்க்யூட்டை மாற்றி, இரண்டு டிரான்சிஸ்டரும் ஒரு சின்ன பேட்டரியும் வைத்து சில வாரங்களில் கையடக்கப் பேஸ்மேக்கர் செய்தார். அது அளக்கும் கருவி அல்ல, தூண்டும் கருவி. ஆனாலும் இதயமும் தசைதானே. டிரான்சிஸ்டர் வந்தபின் மருத்துவக் கருவிக்குள் பேட்டரி திரும்பி வந்த வழி அதுதான். 1960 வாக்கில் ரஷ்யர்கள் தசை அலையால் இயங்கும் செயற்கைக் கையைக் காட்டினார்கள், பேட்டரி இடுப்பு பெல்ட்டில்.

1971-ல் ரால்ஃப் நேடர், அமெரிக்க மருத்துவமனைகளில் வருடத்துக்கு 1,200 பேராவது மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் எழுதினார். அந்த எண்ணை யாரும் நிரூபிக்கவில்லை. கணக்குப் படிக்கிறவனாக எனக்கு இது உறுத்தத்தான் செய்கிறது: வவுச்சர் இல்லாத எண்ட்ரி. ஆனால் அந்தப் பயத்தில்தான் மருத்துவமனைகள் கருவிகளைச் சோதிக்கத் தனிப் பொறியாளர்களை வைத்தன. 1977-ல் ஐ.இ.சி. 60601 என்ற சர்வதேசத் தரம் வந்தது. இன்றைய விதிப்படி சாதாரண நிலையில் நோயாளி உடலில் கசியும் கரண்ட் 100 மைக்ரோ ஆம்பியருக்குள், இதயத்தோடு நேரடித் தொடர்பு உள்ள கருவிகளில் 10-க்குள் இருக்க வேண்டும். அதனால் இன்றைய ப்ளக் கருவிகளில் நோயாளிப் பக்கம் ஒரு தீவு மாதிரி. கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் தாவி வருகிறது, செய்தி ஒளியாக மாறித் தாவிப் போகிறது, நடுவில் கம்பியே கிடையாது.

எங்கள் மாவட்டத்துக்கு இதில் ஒரு விசித்திரம். பண்ருட்டிக்குப் பக்கத்து நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியில் மின்சாரம் எடுத்து ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்புகிறார்கள். ஆனால் 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூர்-புதுச்சேரி இடையே கரை ஏறியபோது, பலாவும் முந்திரியும் சாய்ந்ததோடு கம்பங்களும் சாய்ந்து, பல கிராமங்களில் வாரக் கணக்கில் கரண்ட் இல்லை. நான் அப்போது தொடக்கப் பள்ளி. டார்ச் பேட்டரியை வெயிலில் காய வைத்து மறுபடி போட்டது நினைவிருக்கிறது. அப்படி ஒரு வாரத்தில் ப்ளக்கில் மட்டும் ஓடும் கருவி வெறும் மேசைதான்.

இனி நண்பனின் இரண்டு பேட்டரிக்கு வருகிறேன். ஒன்று போதாதா? தசை அலை பூஜ்யத்துக்கு மேலும் கீழும் ஆடுகிறது. ஆம்ப்ளிஃபையர் அதைக் காட்ட மேலே ஒரு கூரை, கீழே ஒரு தரை, நடுவில் பூஜ்யம் வேண்டும். இரண்டு பேட்டரியைத் தொடராக வைத்து இணையும் இடத்தைப் பூஜ்யம் என்று எடுத்தால் +9, -9 கிடைக்கிறது. இப்போதைய ஆம்ப்ளிஃபையர் சில்லுகள் ஒரு மில்லி ஆம்பியர் அளவில்தான் குடிக்கின்றன. மொத்த சர்க்யூட்டும் 3 மில்லி ஆம்பியர் எடுத்தால்கூட, 500 மில்லி ஆம்பியர்-மணி உள்ள அல்கலைன் பேட்டரி 160 மணி நேரத்துக்கு மேல் வரும். ஒரு புராஜெக்டுக்கு ஒரு ஜோடி தாராளம்.

ஆனால் அவன் செய்யும் ஒரு காரியம் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது, புராஜெக்ட் செய்யும் மற்றவர்களும் கவனியுங்கள். சர்க்யூட் பேட்டரியில், சரி. அதிலிருந்து யு.எஸ்.பி. வயர் லேப்டாப்புக்கு, லேப்டாப் சார்ஜரில், சார்ஜர் சுவரில். இப்போது கையில் ஒட்டிய பட்டையிலிருந்து சுவர் வரை கம்பி வழி திறந்துதான் இருக்கிறது. பேட்டரி போட்டதற்கே அர்த்தமில்லை. மட்டமான சார்ஜராக இருந்தால் கேட்கவே வேண்டாம். அளக்கும் நேரத்தில் சார்ஜரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை அதன் பேட்டரியிலேயே ஓட விடலாம், அல்லது ப்ளூடூத்தில் அனுப்பலாம். சார்ஜரைப் பிடுங்கியவுடன் திரையில் 50 இரைச்சலும் நன்றாகக் குறைவதைப் பார்த்தேன், முழுதாகப் போகவில்லை. மேலே டியூப் லைட் இருக்கிறது, நம் உடம்பே ஒரு ஏரியல். மிச்சத்தை மேத்யூஸின் கழித்தல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, இரண்டு பேட்டரியில் ஒன்று மட்டும் தீர்ந்தால் அலையின் ஒரு பக்கம் மட்டும் உச்சி வெட்டப்பட்டுத் தட்டையாகத் தெரியும். தசைக்கு ஏதோ கோளாறு என்று மிரளாமல் முதலில் இரண்டையும் மீட்டரில் வைத்துப் பாருங்கள், மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள்.